நூலிழையில் முடியும் ஆட்டங்கள்

இரு அணிகளும் ஒரே எண்ணிக்கையில் ஓட்டங்கள் எடுத்துவிட்டால் வென்றவர் யார்? வகுப்பு முடிந்து திடலுக்குச் செல்லும் நம் மாணவர்கள் திரும்பி வந்து கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று. கேள்வி சிறியதுதான். ஆயினும் இதற்கு விடை தெரியாமையால் எத்தனையோ ஆட்டங்கள் கூச்சலில் தொடங்கிக் கைகலப்பில் முடிகின்றன. பின்னர்ப் பெரியவர்கள் குறுக்கிட்டு, மட்டையையும் பந்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, "இனி ஆட்டமே வேண்டாம்" என்று தீர்ப்பளிக்கின்றனர். அத்தீர்ப்பு நமக்கு உடன்பாடன்று. நெருக்கமாக அமைந்த ஆட்டமே சிறந்த ஆட்டம். அதனை முறையாக முடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அம்முறையை மாணவர்க்கும் பெற்றோர்க்கும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

லைங் தாயாவில் வளரும் பிள்ளைகளுக்குக் கால்பந்தும் சின்லோனும் பழக்கமான விளையாட்டுகள். பிரம்பினால் பின்னிய பந்தை ஆறு பேர் வட்டமாக நின்று, தரையில் விழாமல், காலாலும் முழங்காலாலும் தட்டித் தட்டி ஆடுவது சின்லோன். மரபான சின்லோனில் எதிரணி இல்லை. வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. (2013-ஆம் ஆண்டு நேப்பிடோவில் நடைபெற்ற தென்கிழக்காசிய விளையாட்டு விழாவில் அதனைப் புள்ளி கணக்கிடும் போட்டியாக ஆக்கினர் என்பது வேறு செய்தி.) மட்டைப்பந்து அவ்வாறன்று. அது எண்ணிக்கையால் ஆன விளையாட்டு. ஓட்டம், விக்கெட், ஓவர், பந்து என ஒவ்வொன்றும் எண்ணப்படுகின்றது. எண்ணிக்கையில் ஒன்று பிழைத்தால் முடிவே மாறிவிடும்.

இந்நாட்டிற்கு மட்டைப்பந்து புதிதன்று. 1927-ஆம் ஆண்டு சனவரியில், ஆர்தர் கில்லிகன் தலைமையில் இந்தியாவுக்கு வந்திருந்த எம்.சி.சி. அணி, கப்பலேறி இரங்கூனுக்கும் வந்து ஆடிச் சென்றது. பின்னர் அவ்விளையாட்டு இங்கு ஏறத்தாழ மறக்கப்பட்டது. 2006-ஆம் ஆண்டு மலேசியாவில் நடந்த ஏ.சி.சி. கோப்பைப் போட்டி ஒன்றில் மியன்மா அணி நேபாளத்திடம் 10 ஓட்டங்களில் ஆட்டமிழந்தது. நேபாள அணிக்கு வெற்றி பெற இரண்டே பந்துகள் போதுமாயின. இதைச் சொல்லி நகைப்பது எளிது. பத்து ஓட்டத்தில் வீழ்ந்தவர்களும் களத்தில் இறங்கி ஆடியவர்களே என்பதை நினைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

சமனும் வெற்றி தோல்வியற்ற முடிவும்

நம் கேள்விக்கு வருவோம். மட்டைப்பந்தில் 'டை' என்பது ஒன்று. 'டிரா' என்பது மற்றொன்று. தமிழில் இரண்டையும் 'சமநிலை' என்று எழுதிவிடுவதால் குழப்பம் மிகுகின்றது. இக்கட்டுரையில் 'டை' என்பதைச் சமன் என்றும், 'டிரா' என்பதை வெற்றி தோல்வியற்ற முடிவு என்றும் வழங்குவோம்.

நாள் கணக்கில் ஆடும் ஆட்டத்தில், கடைசியாக மட்டை பிடித்த அணி தன் விக்கெட்டுகள் அனைத்தையும் இழந்த நிலையில் இரு அணிகளின் மொத்த ஓட்டங்களும் ஒன்றாக இருந்தால், அது சமன். எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் அவ்வணியின் கையில் ஒரு விக்கெட்டேனும் மிஞ்சியிருக்க, நேரம் முடிந்துவிட்டால், அது சமன் அன்று. வெற்றி தோல்வியற்ற முடிவு. இந்நுட்பத்தைச் சொல்லால் விளக்குவதைவிட நடந்த ஆட்டங்களால் விளக்குவது எளிது.

சென்னைச் சேப்பாக்கம் திடலில் 1986-ஆம் ஆண்டு செப்டம்பர் 18 முதல் 22 வரை இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடின. முதலில் ஆடிய ஆஸ்திரேலியா 7 விக்கெட்டுக்கு 574 ஓட்டங்கள் எடுத்து ஆட்டத்தை முடித்துக்கொண்டது. டீன் ஜோன்ஸ் எடுத்தவை 210. சென்னையின் செப்டம்பர்ப் புழுக்கத்தில் எட்டு மணி நேரத்திற்கும் மேலாக நின்று, வாந்தியெடுத்து, கால்கள் பிடித்து இழுக்க ஆடினார் அவர். ஆட்டமிழந்ததும் மருத்துவமனைக்குக் கொண்டு சென்று நரம்பு வழியே உப்புநீர் ஏற்றினர். இந்தியா 397 ஓட்டங்கள் எடுத்தது. அதில் கபில்தேவின் பங்கு 119. ஆஸ்திரேலியா மீண்டும் ஆடி 5 விக்கெட்டுக்கு 170 எடுத்தது. கடைசி நாள் காலையில் அதன் தலைவர் ஆலன் பார்டர், அந்த எண்ணிக்கையே போதும் என்று அறிவித்து, இந்தியாவுக்கு 348 ஓட்டங்கள் என்னும் இலக்கை வைத்தார். இருந்த ஓவர்கள் 87. தோற்கும் வாய்ப்பையும் ஏற்றுக்கொண்டு செய்த அறிவிப்பு அது. அத்துணிவு இல்லையெனில் இன்று நாம் எழுத ஒன்றும் இருந்திராது.

கவாஸ்கர் 90, அமர்நாத் 51 என இந்தியா இலக்கை நோக்கி நடந்தது. 6 விக்கெட்டுக்கு 331 என்று இருந்தபோது வேண்டியவை 17 ஓட்டங்கள் மட்டுமே. கையில் நான்கு விக்கெட்டுகள். அப்போதுதான் ஆட்டம் புரண்டது. 331-இல் சேத்தன் சர்மா வீழ்ந்தார். 334-இல் கிரண் மோரே. சிவலால் யாதவ் ஒரு சிக்சர் அடித்து நம்பிக்கை ஊட்டினார். 344-இல் அவரும் போனார். மூவரையும் வீழ்த்தியவர் ரே பிரைட். மறுமுனையில் கிரெக் மாத்யூஸ், அந்த வெயிலிலும் கம்பளிச் சட்டை அணிந்துகொண்டு, நாள் முழுதும் பந்து வீசிக்கொண்டிருந்தார்.

கடைசி ஓவர். வீசுபவர் மாத்யூஸ். வேண்டியவை 4 ஓட்டங்கள். எஞ்சியது ஒரே விக்கெட். எதிர்கொள்பவர் இரவி சாஸ்திரி. மறுமுனையில் கடைசி ஆட்டக்காரரான மணீந்தர் சிங். முதற் பந்தைச் சாஸ்திரி தடுத்தார். இரண்டாம் பந்தில் இரண்டு ஓட்டங்கள். மூன்றாம் பந்தில் ஓர் ஓட்டம். எண்ணிக்கை இப்போது சமம்.

மாணவர்கள் இங்குச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். சாஸ்திரி அந்த ஓர் ஓட்டத்தை எடுத்தது சரியா? எடுக்காமல் தாமே நின்றிருந்தால், எஞ்சிய மூன்று பந்துகளையும் தேர்ந்த ஆட்டக்காரரான அவரே சந்தித்திருக்கலாம், வெற்றியும் கிட்டியிருக்கலாம். ஆனால் அதற்குள் அவர் ஆட்டமிழந்தால் இந்தியா தோற்றிருக்கும். அந்த ஓர் ஓட்டத்தை எடுத்த கணத்தில் இந்தியாவுக்குத் தோல்வி என்பது இல்லாமற் போயிற்று. வெற்றி மட்டும் மணீந்தரின் மட்டைக்கு மாறியது. இதுபற்றி இன்றும் வாதிடுவோர் உண்டு. நம் கருத்தைக் கேட்டால், சாஸ்திரி செய்தது சரியே என்போம். உறுதியாகக் கிடைப்பதை முதலில் கையில் வாங்கிக்கொண்டு, பிறகு பெரிதுக்கு முயல்வதில் குற்றம் காண இயலாது.

நான்காம் பந்தை மணீந்தர் தடுத்தார். ஐந்தாம் பந்து அவர் காற்காப்பில் பட்டது. ஆஸ்திரேலியர் அனைவரும் ஒரே குரலில் முறையிட்டனர். நடுவர் விக்ரம்ராஜு விரலை உயர்த்தினார். இந்தியா 347. ஆட்டம் சமன். டெஸ்ட் ஆட்ட வரலாற்றில் அதற்கு முன் ஒரே ஒரு முறை, 1960-ஆம் ஆண்டு பிரிஸ்பேன் நகரில் ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடியபோது, இவ்வாறு நிகழ்ந்திருந்தது. 1986-க்குப் பின் டெஸ்ட் ஆட்டம் எதுவும் சமனாக முடியவில்லை.

அடுத்து, வெற்றி தோல்வியற்ற முடிவுக்கு ஒரு சான்று. இதிலும் சென்னைத் தமிழர் ஒருவர் நடுநாயகமாக நிற்கின்றார். 2011 நவம்பரில் மும்பை வாங்கடே திடலில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக இந்தியாவின் இலக்கு 243. அவ்வாட்டத்தில் இரவிச்சந்திரன் அஸ்வின் முதல் இன்னிங்சில் நூறு அடித்தார். இரண்டு இன்னிங்சிலுமாக 9 விக்கெட்டுகளும் எடுத்திருந்தார். கடைசிப் பந்து வீசப்படும்போது வெற்றிக்கு வேண்டியவை இரண்டு ஓட்டங்கள். அஸ்வின் பந்தைத் தட்டிவிட்டு ஓர் ஓட்டத்தை முடித்தார். இரண்டாவதற்கு ஓடியபோது 'ரன் அவுட்' ஆனார். இந்தியா 9 விக்கெட்டுக்கு 242. இரு அணிகளின் எண்ணிக்கையும் ஒன்றே. ஆனால் இந்தியாவிடம் இன்னும் ஒரு விக்கெட் இருந்தது, பந்துதான் இல்லை. ஆகவே அது சமன் அன்று. இதே போன்று எண்ணிக்கை ஒன்றாகியும் வெற்றி தோல்வியின்றி முடிந்த முதல் டெஸ்ட், 1996 டிசம்பரில் புலவாயோ நகரில் சிம்பாப்வேயும் இங்கிலாந்தும் ஆடியது.

நம் பிள்ளைகள் ஆடுவதோ பத்து ஓவர் அல்லது பன்னிரண்டு ஓவர் ஆட்டம். ஓவர் வரையறுத்த ஆட்டத்தில் இந்தச் சிக்கல் இல்லை. எண்ணிக்கை ஒன்றானால் சமன். ஓர் அணி மூன்று விக்கெட்டும் மற்றது ஒன்பது விக்கெட்டும் இழந்திருந்தாலும் சமனே. "எங்களுக்கு விக்கெட் குறைவாகப் போயிற்று, ஆகவே நாங்களே வென்றோம்" என்று வாதிடுவது செல்லாது. அவ்வாறு ஒரு விதி வேண்டுமெனில், நாணயம் சுண்டுவதற்கு முன்பே இரு தலைவர்களும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். முன்னதாக ஒப்புக்கொண்ட விதியும் பின்னர் மனக்கசப்பை உண்டாக்கக் கூடும். 2019-ஆம் ஆண்டு உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் ஆளுக்கு 241 எடுத்தன. கூடுதலாக ஒரு ஓவர் ஆடியதில் ஆளுக்கு 15 எடுத்தன. எல்லைக்கோட்டைத் தாண்டிய அடிகளை மிகுதியாக அடித்தது இங்கிலாந்து என்று கோப்பையை அதற்கு அளித்தனர். விதி முன்பே எழுதப்பட்டிருந்தது. நியூசிலாந்து வீரர்கள் முணுமுணுக்கவில்லை. பலரும் மனம் நொந்ததால் அவ்விதி பின்னர் நீக்கப்பட்டது.

நடுவரின் இரு கண்கள்

சேப்பாக்கத்து ஐந்தாம் பந்துக்குத் திரும்புவோம். எல்.பி.டபிள்யூ. என்பது என்ன? பந்து மட்டையில் படாமல் ஆட்டக்காரரின் காலிலோ உடலிலோ படுகின்றது. கால் அங்கு இல்லாவிட்டால் அப்பந்து ஸ்டம்பைத் தாக்கியிருக்குமா என்று நடுவர் கணிக்க வேண்டும். பந்து காற்புறத்து ஸ்டம்புக்கு வெளியே குத்தியிருந்தால் 'அவுட்' இல்லை. மட்டையில் முதலில் பட்டிருந்தாலும் இல்லை. இத்தனையையும் ஒரு கணத்தில் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். பந்து தம் மட்டையில் பட்டது என்று மணீந்தர் பின்னாளில் கூறினார். தம் முடிவு சரியே என்று விக்ரம்ராஜு கூறினார். அதன்பின் அவர் எந்த டெஸ்ட் ஆட்டத்திலும் நடுவராக நிற்கவில்லை.

இன்று தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்கும் பிள்ளைகள், முடிவு பிடிக்காத வீரர் கைகளால் ஒரு சைகை காட்ட, மூன்றாம் நடுவர் படத்தை ஓட்டிப் பார்த்துத் தீர்ப்பு மாற்றுவதைக் காண்கின்றனர். அம்முறை டெஸ்ட் ஆட்டத்தில் முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது 2008-இல், இந்தியாவும் இலங்கையும் ஆடியபோது. 1986-இல் விக்ரம்ராஜுவுக்கு இருந்தவை இரு கண்களும் இரு காதுகளும்தாம். நம் திடலில் நடுவராக நிற்கும் அண்ணனுக்கும் அவையே உள்ளன. உலகெங்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடப்படும் சங்க ஆட்டங்கள் அனைத்திலும் அவையே. பல இடங்களில் மட்டை பிடிக்கும் அணியைச் சேர்ந்தவரே நடுவராக நிற்பதும் உண்டு. தன் அணியின் கடைசி விக்கெட்டுக்குத் தானே விரலை உயர்த்த வேண்டிய நிலை அவருக்கு வரும். பெற்றோர்கள் எண்ணிப் பார்க்கட்டும்: பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், தன் தோழர்கள் பார்த்துக்கொண்டிருக்க, தன் அணி தோற்கும்படி விரலை உயர்த்துவது எளிதா?

ஆதலின் அச்சிறுவனுக்குத் துணையாகச் சில விதிகள் இருக்கின்றன. எதிரணி முறையிடாதவரை நடுவர் 'அவுட்' கொடுத்தல் கூடாது. ஐயம் இருப்பின் அதன் பயன் மட்டை பிடிப்பவருக்கே என்பது நெடுநாள் வழக்கு. முடிவு சொன்னபின் அதனைப் பற்றிக் களத்தில் வாதம் இல்லை. முதல் இரண்டும் நடுவருக்குரியவை. மூன்றாவது மற்ற இருபத்திரண்டு பேருக்கும் உரியது. வேலியோரம் நின்று பார்க்கும் தந்தையர்க்கும் உரியது.

சங்கங்கள் வளர்த்த விளையாட்டு

சென்னையில் இவ்விளையாட்டை வளர்த்தவை அரசோ பெருநிறுவனமோ அல்ல, விளையாட்டுச் சங்கங்கள். மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846-இல் தோன்றியது. அது வெள்ளையர் சங்கம். சேப்பாக்கத்தில் அவர்களோடு ஆடச் சென்ற இந்தியர்களுக்கு மண்டபத்தினுள் இடமில்லை. மரத்தடியில் அமர்ந்து உண்டனர். இதனைக் கண்டு மனம் வெதும்பியவர் புச்சிபாபு நாயுடு. அவர் சண்டையிடவில்லை, கெஞ்சவுமில்லை. 1888-இல் இந்தியர்க்கென மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவினார். ஆட்டக்காரர்களுக்கு மட்டையும் உடையும் அளித்துப் பயிற்றுவித்தார். இந்தியரும் ஐரோப்பியரும் சரிநிகராக எதிர்நின்று ஆடும் இராசதானி ஆட்டம் 1908-இல் முதன்முறையாக நடந்தது. அதே ஆண்டில் அவர் தம் நாற்பதாம் அகவையில் மறைந்தார். பின்னர் அவ்வாட்டம் ஆண்டுதோறும் பொங்கலையொட்டி நடைபெறும் திருவிழாவாயிற்று. தென்னிந்திய மட்டைப்பந்தின் தந்தை என்று அவரைப் போற்றுவர்.

அக்காலத்தவர் ஊதியத்திற்காக ஆடியவரல்லர். புச்சிபாபுவின் புதல்வர் சி. இராமசுவாமி 1922-இல் டேவிஸ் கோப்பை டென்னிசில் இந்தியாவுக்காக ஆடினார். 1936-இல், தம் நாற்பதாம் வயதில், இங்கிலாந்தில் டெஸ்ட் ஆட்டமும் ஆடினார். திருவல்லிக்கேணியின் எம்.ஜே. கோபாலன் வளைகோற் பந்திலும் வல்லவர். அதே 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கா, மட்டைப்பந்து அணியோடு இங்கிலாந்தா என்ற நிலை வந்தபோது இங்கிலாந்தைத் தெரிந்துகொண்டார். ஒலிம்பிக் வளைகோற் பந்தில் இந்தியா தங்கம் வென்றது; கோபாலனுக்கு இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட் ஆட்டமும் கிட்டவில்லை. வாரமெல்லாம் அலுவலகத்தில் எழுதிவிட்டு ஞாயிறன்று வெள்ளையுடை அணிந்து லீக் ஆட்டத்திற்குச் செல்லும் பழக்கம் சென்னையில் தலைமுறை தலைமுறையாக வேரூன்றியது. உலகப் புகழ் பெற்ற பின்னரும் அஸ்வின் சென்னை லீக் ஆட்டங்களில் தம் சங்கத்திற்காக ஆடியிருக்கின்றார். ஆறு நாள் ஆலையில் நின்று உழைத்து ஞாயிற்றை எதிர்நோக்கும் லைங் தாயா மக்களுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆட்டம் அறிந்த மக்கள் சேப்பாக்கத்தில் கூடுகின்றனர் என்பர். அதற்குச் சான்றாக ஒரு நாளைக் காட்டலாம். 1999 சனவரி 31. பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியாவின் இலக்கு 271. இந்தியா 5 விக்கெட்டுக்கு 82 என்று தத்தளித்தது. முதுகுவலியால் துடித்தபடியே சச்சின் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தார். நயன் மோங்கியா 52 எடுத்துத் துணை நின்றார். 254 ஓட்டங்கள் இருந்தபோது சச்சின் ஆட்டமிழந்தார். வேண்டியவை 17. ஆம், 1986-இல் சேத்தன் சர்மா வீழ்ந்தபோது வேண்டியிருந்த அதே பதினேழு, அதே திடலில்! எஞ்சிய மூன்று விக்கெட்டுகளும் நான்கே ஓட்டங்களுக்குள் விழுந்தன. 258. பாகிஸ்தான் 12 ஓட்டங்களால் வென்றது. சக்லைன் முஷ்தாக் இரு இன்னிங்சிலும் ஐந்து ஐந்து விக்கெட்டுகள் எடுத்திருந்தார். அரங்கில் ஒரு கணம் பேரமைதி. பின்னர் மக்கள் எழுந்து நின்று கைதட்டினர். பாகிஸ்தான் வீரர்கள் திடலைச் சுற்றி ஓடி வந்து அதனை ஏற்றுக்கொண்டனர். இரு நாடுகளுக்குமிடையே இருந்த பகைமையை எண்ணுவோர்க்கு அக்கைதட்டலின் பொருள் விளங்கும்.

இரண்டு ஏடுகளும் ஆறு புளியங்கொட்டைகளும்

இனி நம் திடலுக்குத் திரும்புவோம். நெருங்கிய ஆட்டங்களில் எழும் சச்சரவுகளில் பெரும்பாலானவை 'அவுட்'டா இல்லையா என்பதால் வருவன அல்ல, எண்ணிக்கையால் வருவன. ஓர் அணி 68 என்கிறது. மற்றது 69 என்கிறது. ஓவரில் வீசியது ஐந்து பந்தா ஆறு பந்தா என்பதும் தெரிவதில்லை. இவ்விரண்டுக்கும் மருந்து எளிது.

பந்துகளை எண்ண, நடுவர் தம் இடப்பையில் ஆறு புளியங்கொட்டைகளைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையான பந்துக்கும் ஒரு கொட்டையை வலப்பைக்கு மாற்ற வேண்டும். 'வைட்' பந்துக்கும் 'நோ பால்' பந்துக்கும் மாற்றக் கூடாது. அவை ஓவரின் ஆறில் சேரா. இடப்பை காலியானால் ஓவர் முடிந்தது. கூழாங்கற்களையும் நாணயங்களையும் வைத்து நடுவர்கள் நெடுங்காலம் இவ்வாறே எண்ணி வந்தனர்.

ஓட்டங்களை எழுத இருவர் வேண்டும், அணிக்கு ஒருவர். இருவரும் அருகருகே அமர்ந்து தனித்தனி ஏட்டில் எழுத வேண்டும். ஒவ்வொரு ஓவர் முடிவிலும் ஒருவர் எண்ணிக்கையை மற்றவர் சரிபார்க்க வேண்டும். விதிநூலே இதனை வற்புறுத்துகின்றது. நடுவர் காட்டும் சைகையைக் கண்டதும் எழுதுவோர் கையை உயர்த்தி ஒப்புதல் காட்ட வேண்டும். அது காணும்வரை அடுத்த பந்து வீசப்படலாகாது.

ஆட்டம் முடிந்ததும் கணக்கை இரு வழியாகக் கூட்டிப் பார்க்கலாம். ஓர் எடுத்துக்காட்டு. மட்டை பிடித்தவர்கள் அடித்தவை 61; 'வைட்' 4; 'நோ பால்' 1; 'பை' 2; 'லெக் பை' 1. மொத்தம் 69. இப்போது பந்து வீசியவர்களின் கணக்கைக் கூட்டுவோம். அவர்கள் கொடுத்தவை அடித்த ஓட்டங்களும், 'வைட்', 'நோ பால்' ஆகியனவும், அதாவது 66. 'பை', 'லெக் பை' மூன்றும் வீசுவோர் கணக்கில் ஏறா. 66 உடன் 3-ஐக் கூட்டினால் 69. இரண்டு வழியும் ஒத்துவந்தால் ஏடு சரி. ஒத்து வராவிடில் எந்த ஓவரில் பிழை என்று பின்னோக்கித் தேட வேண்டும். கணக்கு வாய்ப்பாடு கசக்கும் மாணவனும் இக்கூட்டலை விரும்பிச் செய்வதை நாம் கண்டிருக்கின்றோம். ஏட்டைத் தமிழில் எழுதப் பழகினால் இன்னும் நன்று. பெயர்களும், 'பிடி', 'வீச்சு', 'ஆட்டமிழக்கவில்லை' என்னும் சொற்களும் கையெழுத்துப் பயிற்சியாகவும் அமையும்.

ஓட்டம் எழுதுபவர் பெரும்பாலும் ஆட அழைக்கப்படாத பிள்ளையாகவே இருக்கின்றார். இது மாற வேண்டும். அணியில் நன்கு எண்ணத் தெரிந்தவரை, மட்டை பிடிக்கும் முறை வராத வேளையில், ஏட்டின் முன் அமர்த்தலாம். மாணவியர் இதில் முன்னிற்கலாம், ஆடவும் முன்வரலாம்.

மழைக்காலத்தில் நம் பகுதித் திடல்கள் நீரில் கிடக்கும். ஆகவே ஆட்டத்திற்கு உகந்த காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. பொங்கல் அதன் நடுவே வருகின்றது. அணிக்குப் பதினொருவர் சேராவிடில் எண்மர் போதும். டென்னிஸ் பந்து போதும். முதற் பந்து வீசுமுன் இரு தலைவர்களும் நடுவரும் கூடி நின்று, எத்தனை ஓவர், சமனானால் என்ன செய்வது, வேலியைத் தாண்டினால் நான்கா ஆறா, அடுத்த வீட்டுக் கூரையில் விழுந்தால் 'அவுட்'டா என்பவற்றைப் பேசி ஏட்டின் முதற் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். எண்ணிக்கை ஒன்றாகவே முடிந்தால், கீழே 'சமன்' என்று எழுதி, இரு தலைவர்களும் கையொப்பமிட்டு, மட்டையைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, கூரை மேல் கிடக்கும் பந்தைக் கேட்க அடுத்த வீட்டுக்குப் போகலாம்.